வைரஸ் தடுப்பு மட்டும் போதும்

திண்டுக்கல்லில், பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கோட்டைப் பக்கம் போகும் சாலையில் நானும் என் மனைவியும் ஒரு தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறோம். கடையில் இரண்டு கணினிகள். உள்ளே சுவரோரம் இருப்பது மனைவியுடையது. மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை என்று அடிக்கிற வேலை முழுவதையும் அவள் அதில்தான் செய்வாள். வாசலையொட்டி இருப்பது என்னுடையது. வருகிறவர்களின் பென்டிரைவை வாங்கிச் செருகி, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது அதில். 'அப்ப உங்க வேலை என்னங்க?' என்று யாராவது கேட்டால், 'டெக்னிக்கல் சைடு நான் பாத்துக்கிறேன்' என்பேன். அதைச் சொல்லும்போது மனைவி பக்கம் திரும்ப மாட்டேன்.

எங்கள் வரிசையில் முதன்முதலாகக் கணினி வாங்கியவன் நான். என் தொழில்நுட்ப அறிவு அம்மட்டில் தொடங்கி அம்மட்டில் முடிந்தது. ஆனாலும் பக்கத்து மருந்துக் கடைக்காரரும் எதிர்ப் பூக்கடைக்காரரும் தங்கள் செல்போன் தொங்கிப்போனால் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அணைத்து மறுபடியும் போடுவேன். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் 'போர்டு போயிருச்சு' என்பேன். கணினியில் எதை ஏற்றினாலும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். நடுவில் என்ன கேட்கிறார்கள் என்று வாசித்துப் பார்ப்பது அனுபவம் இல்லாதவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில் முதல் கல்லைப் போட்டவர் மசாலாக் கடை பாய். மொத்த வியாபாரம் செய்பவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். இளைய மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகைக்கான விஷயத்தை எங்கள் கடையில் அடித்துப் பென்டிரைவில் வாங்கிப் போயிருந்தார். சில நாளில் அதே பென்டிரைவோடு திரும்பி வந்தார்.

"தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. உங்க கடையில போட்டு எடுத்துட்டுப் போனதுல இருந்து எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சீக்கு வந்துருச்சு. எந்த போல்டரப் பாத்தாலும் சின்னதா ஒரு அம்புக்குறி நிக்குது. தொறந்தா உள்ள ஒன்னையும் காணோம்."

"எங்க கடையில அப்பிடி வர வாய்ப்பே இல்ல பாய். வீட்டுல பேரப்புள்ளைக கேம் கீம் போட்டுருப்பாக."

"பேரப்புள்ளை இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல தம்பி."

உள்ளேயிருந்து மனைவியின் தட்டச்சுச் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது. அந்த ஒரு நொடியின் பொருள் எனக்குத் தெரியும். பத்திரிகை விஷயம் அவளுடைய கணினியில் பத்திரமாக இருந்ததால், அதையே வேறொரு பென்டிரைவில் போட்டுக்கொடுத்து அவரை அனுப்பிவைத்தாள்.

ஆனால் விஷயம் பாயோடு நிற்கவில்லை. ஒரு கல்லூரிப் பெண் தன் பென்டிரைவைக் கையில் பொத்திக்கொண்டு, "அண்ணே, நான் மெயில்ல அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். இன்னொருவர் வாசல்வரை வந்து, என் கணினியை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். வருகிறவர்கள் கொண்டுவந்த கிருமிதான் இதெல்லாம் என்று எனக்கு ஒரே ஆத்திரம். கண்ட கண்ட இடத்தில் செருகிவிட்டு இங்கே வந்து நம்மைச் சொல்கிறார்களே என்று மனைவியிடம் பொருமினேன்.

"ஆன்டிவைரஸ் ஒன்னு வாங்கிப் போடுங்க. எத்தன நாளா சொல்றேன்" என்றாள் அவள்.

கணினி சாமான் விற்கும் கடைக்குப் போய் ஆன்டிவைரஸ் கேட்டேன். விற்பவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வெறும் ஆன்டிவைரஸ் எல்லாம் இப்ப யாருண்ணே வாங்குறா? டோட்டல் செக்யூரிட்டி எடுத்துக்கங்க. எல்லாம் சேந்து ஒரே பெட்டியில இருக்கு. நீங்க டெக்னிக்கல் தெரிஞ்சவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?" கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். பெட்டியின் மேல் கேடயமும் வாளும் வரைந்திருந்தது. கையில் பிடித்துக்கொண்டு சாலையில் நடக்கும்போதே கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

கடைக்கு வந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். நடுவில் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறவரின் வயது என்று ஏதோ கேட்டது. மிகுந்த பாதுகாப்பு என்று எந்த வரியில் போட்டிருந்ததோ அதைக் கொடுத்தேன். மஞ்சள் பெட்டி ஒன்று எழுந்து வந்து, எதையோ காட்டி அனுமதிக்கலாமா என்றது. ஓகே கொடுத்தேன். முழுக் கணினியையும் சோதிக்கட்டுமா என்றது. ஆள் காத்திருந்ததால் 'பிறகு' என்றேன். மூலையில் பச்சைக் கேடயம் ஒளிர்ந்தது.

மறுநாள் காலையிலிருந்து கணினி நடக்கவே யோசித்தது. ஒரு கடிதத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு எதிரே போய் டீ குடித்து வந்தால், அப்போதுதான் பாதித் திறந்திருக்கும். பிரிண்டர் என் கணினியோடு சேர்ந்தது. மனைவி அடிப்பது கம்பி வழியாக என் கணினிக்கு வந்துதான் அச்சாகும். அன்றைக்கு அவள் அனுப்பிய எதுவும் வரவில்லை. புதிதாகப் போட்ட செக்யூரிட்டியில் இருந்த பயர்வால் என்கிற பகுதி, அவளுடைய கணினியை வெளியாள் என்று முடிவுகட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்கிறவளை என் கணினி அந்நியர் என்று சொன்னதை அவள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாலு எட்டு தள்ளி உக்காந்திருக்கேன். நான் யாருன்னு அதுக்குத் தெரியலையா?"

"அது பாதுகாப்புக்காக..."

"யார்கிட்ட இருந்து யாரைக் காப்பாத்துது?"

இரண்டு நாள், அவள் அடித்ததைப் பென்டிரைவில் போட்டு என்னிடம் எழுந்து வந்து கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் நாற்காலியைச் சத்தமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் எழுந்தாள்.

மூன்றாவது அடி சேவுகம்பட்டிக்காரர் ஒருவரால் விழுந்தது. மகனுக்குப் பெண் பார்க்கிறார். திருமணத் தகவல் இணையதளத்தில் ஒரு பெண்ணின் விவரம் இருக்கிறது, அதைத் திறந்து பிரிண்ட் எடுத்துத் தரவேண்டும். முகவரியை அடித்தேன். திரை முழுக்கச் சிவப்பாகி, கையை விரித்து நிற்கும் பொம்மை ஒன்று வந்தது. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

"என்னப்பு போட்டுருக்கு?"

மழுப்பத் தோன்றாமல் உள்ளதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். "இந்தப் பக்கம் உங்க வயசுக்கு ஏத்தது இல்லையாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார். "சம்பந்தி வீடு பாக்குறதுக்கு இன்னும் எம்புட்டு வயசு ஆகணுமாம்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவி எழுந்து வந்து, அவரை உள்ளே அழைத்துப்போய்த் தன் கணினியில் எடுத்துக் காட்டினாள். அன்று கடையில் கூட்டம் குறைந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நமக்கு வேண்டியது காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை. நீங்க ஆஸ்பத்திரியவே தூக்கிட்டு வந்து நடுக்கடையில இறக்கி வச்சிருக்கீங்க. அதுல அந்த வைரஸ் பிடிக்கிறது மட்டும் தனியா இருக்கும்ல? அத மட்டும் போடுங்க. மத்தது ஒன்னும் வேணாம்."

தனியாகப் போட முடியும் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால், "அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருந்தேன்" என்றேன்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடியும் தொடங்கினேன். இம்முறை நெக்ஸ்ட் அடிக்காமல் 'கஸ்டம்' என்று ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தை அழுத்தினேன். வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு டிக். தேவையில்லாததன் டிக்கை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் எதற்கும் ஆன்டிவைரஸ் என்று பெயர் இல்லை. பைல் கார்ட், வெப் கார்ட், ஹோம் கார்ட் என்று ஒரே காவலாளிக் கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், புரொடெக்‌ஷன் சென்டர் என்று இருந்தது. மையம் என்றால் அதுதானே முக்கியம்? அதை மட்டும் வைத்துக்கொண்டு கார்டுகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன். பினிஷ்.

அதற்குப் பிறகு என் கணினி ஓடிய ஓட்டத்தைச் சொல்லவேண்டும். தொட்டால் திறந்தது. மனைவி அனுப்பியது மறுநொடி அச்சாகி வந்தது. மூலையில் கேடயம் பச்சையாக ஒளிர்ந்தது. அதைத் திறந்து பார்த்தால் 'சிக்கல் எதுவும் இல்லை' என்றது. மனைவியே, "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயால் பரவாயில்லை என்று வருவது பெரிய விஷயம். மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, செக்யூரிட்டி என்றால் என்ன, எதை எடுக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று செத்த நேரம் விளக்கினேன். "பெட்டியில இருக்கிற அம்புட்டையும் போடுறவன் பூரா விவரம் கெட்டவன்" என்றேன். அவர், தன் கடையை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கொட்டை எழுத்தில் ஒரு தாள் அடித்து வாசலில் ஒட்டினேன். 'இங்கே வைரஸ் முற்றிலும் ஒழிக்கப்பட்டது. பென்டிரைவைப் பயமின்றிச் செருகலாம்.'

"கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள் மனைவி.

"பொறுத்தது போதும்" என்றேன்.

தாள் ஒட்டி ஒரு வாரம் இருக்கும். பாய் வந்தார். கடையில் நல்ல கூட்டம். அவர் வாசலில் இருந்த தாளை நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாஷா அல்லாஹ். நல்லா இருக்கட்டும் தம்பி. இது உங்க கடைக்கு அன்னிக்கு வந்துட்டுப் போன அதே பென்டிரைவ். வீட்டுல மருமகன் ஒரு ஆன்டிவைரஸ் போட்டாரு. இதச் செருகுனா கத்துது. அழிக்க வேணாம், இருக்கட்டும்னு வச்சிருந்தேன். நிக்காஹ் செலவுக் கணக்கு, கூப்புட வேண்டியவங்க விலாசம் எல்லாம் இதுலதான் எங்கயோ மறைஞ்சு கெடக்கு. உங்க காவக்காரர் பிடிக்கிறாரான்னு பாருங்க."

"பிடிப்பான் பாய். பாருங்க" என்று எல்லாருக்கும் தெரியும்படி திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்துச் செருகினேன்.

ஒரு சத்தமும் இல்லை. கேடயம் பச்சையாகவே இருந்தது.

"சுத்தமா இருக்கு பாய்" என்றேன்.

"அப்பிடியா? அப்ப அந்த அம்புக்குறி ஏன் நிக்குது?"

பார்த்தேன். வரிசையாக அம்புகள் நின்றன. "அது சும்மா..." என்று அதில் ஒன்றை அழுத்தினேன். கறுப்பாக ஒரு சன்னல் திறந்து, எதையோ செய்துவிட்டுக் கண்சிமிட்டும் நேரத்தில் மூடிக்கொண்டது. என் பக்கத்தில் நின்றிருந்தவர் மெதுவாகக் கையை நீட்டி, மேசைமேல் வைத்திருந்த தன் பென்டிரைவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்பறமா வாரேண்ணே" என்று சொல்லிப் போனார். அவர் பின்னாலேயே இன்னும் இருவர்.

கேடயத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சிக்கல் எதுவும் இல்லை, சிக்கல் எதுவும் இல்லை என்றே சொன்னது. மனைவி எழுந்து வந்து என் தோளுக்குமேல் குனிந்தாள்.

"அதுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கே. கீழ போங்க."

கீழே போனேன். 'தற்போது இயங்கும் பாதுகாப்புகள்' என்று ஒரு தலைப்பு. அதன் அடியில் வெறும் வெள்ளை. அதாவது நான் நிறுவியிருந்தது காவலர்களை மேற்பார்க்கும் அலுவலகத்தை மட்டும். காவலர் ஒருவர்கூட இல்லை. ஆள் இல்லாத இடத்தில் குறை சொல்ல என்ன இருக்கும்? அதனால்தான் பச்சை. கணினி அப்படிப் பறந்ததற்கும் அதுதான் காரணம். அந்தத் தலைப்பையும் அடியில் இருந்த வெறுமையையும் சத்தமாக வாசித்தவள் மனைவி. பாய், வாய்விட்டுச் சிரிக்கக் கூடாதே என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எந்திரிங்க" என்றாள் மனைவி. எழுந்தேன். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். "நீங்க மவுச தொட வேணாம். பெட்டியில இருக்கிற நம்பர மட்டும் சொல்லுங்க."

மறுபடியும் கழற்றி, மறுபடியும் அதே வரிசை. அவளுக்கும் இது புதிதுதான். ஆனால் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொடுக்கி, திரையின் அடியில் பொடி எழுத்தில் வந்த விளக்கத்தைப் படித்தாள். அப்படி ஒரு விளக்கம் அடியில் வருகிறது என்பதையே நான் அன்றுதான் கவனித்தேன். வெப் கார்ட், இணையப் பக்கங்களை வடிகட்டும்: வேண்டாம். ஹோம் கார்ட், குழந்தைகளைக் கண்காணிக்கும்: "நம்ம புள்ள சென்னையில வேலைக்குப் போயிட்டான். இருக்கிற குழந்தைய நான் பாத்துக்கிறேன்" என்று டிக்கை எடுத்தாள். பயர்வால் வந்தபோது, "இவருதான என்னை யாருன்னு கேட்டவரு?" என்று கேட்டு எடுத்தாள். "அந்த வேலைய செய்ய விண்டோஸ்லயே ஒன்னு இருக்குன்னு போட்டுருக்கு. போதும்." பைல் கார்ட் வந்தது. கோப்புகளிலும் பென்டிரைவிலும் வைரஸைக் கண்டுபிடித்து நீக்கும். அதை மட்டும் விட்டாள்.

பினிஷ் ஆனதும் முழுக் கணினியையும் சோதிக்கட்டுமா என்றது. 'பிறகு' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் 'ஆம்' கொடுத்துவிட்டு, பாய்க்கு டீ சொல்லச் சொன்னாள்.

டீ வருவதற்குள் கணினி கத்த ஆரம்பித்தது. முதலில் பாயின் பென்டிரைவில் பிடித்தது. அம்புகள் மறைந்து, மறைந்திருந்த போல்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விலாசங்கள் அப்படியே இருந்தன. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கு மெல்ல உயிர் வந்தது. "பாத்தீங்களா பாய், நான் சொன்னேன்ல, வெளிய இருந்துதான் வருது" என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மறுபடியும் கத்தியது. இம்முறை என் கணினிக்குள்ளிருந்து. பிறகு மறுபடியும். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது.

"இது என்ன போல்டரு?" என்றாள் மனைவி.

எனக்குத் தெரிந்தது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள். இணையத்தில் யாரோ இலவசமாகப் போட்டிருந்ததை, ஒரு கூடுதல் சேவையாக இருக்கட்டும் என்று நான்தான் இறக்கி வைத்திருந்தேன். முதல் தடவை நிறுவியபோது மஞ்சள் பெட்டி எழுந்து வந்து அனுமதிக்கலாமா என்று கேட்டதே, இதைப் பற்றித்தான் கேட்டிருக்கவேண்டும். பெருந்தன்மையாக ஓகே கொடுத்திருந்தேன். யார் யாரோ கொண்டுவருகிறார்கள் என்று நான் பொருமிய கிருமி, என் கடையிலிருந்துதான் ஊருக்குள் புறப்பட்டுப் போயிருக்கிறது.

விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் பாய் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அப்ப சீக்கு நம்ம வீட்டுப் புள்ளதான்" என்றார் அவர். "போகட்டும் தம்பி. எத்தன ஜோடிக்கு இதுல பொருத்தம் பாத்தீங்க?"

"கொஞ்சப் பேருக்குத்தான்."

"அவங்கள்லாம் நல்லா இருக்கணும்" என்று சொல்லி டீயைக் குடித்தார்.

வாசலில் ஒட்டியிருந்த தாளை நானே போய்க் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் 'பயமின்றி' மட்டும் சில வாரம் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. விட்டுப்போனவர்கள் ஒரேயடியாகத் திரும்பி வரவில்லை, ஒவ்வொருவராக வந்தார்கள். பென்டிரைவைச் செருகியதும் கணினி ஒரு முறை கத்தி, பிடித்ததைக் காட்டியபோது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பாய் மகள் நிக்காஹுக்கு இருவரும் போனோம். பாய் என்னை மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிமுகப்படுத்தி, "கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவரு" என்றார். கிண்டலா, மரியாதையா என்று கண்டுபிடிக்க அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த ஆளை வரவேற்கப் போய்விட்டார்.

இந்தச் செய்தி எப்படியோ தொப்பம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் மனைவியின் அண்ணன் காதுக்கும் எட்டியது. போன் செய்தார். அவர் பேச்சில் கொங்குச் சாயல் இருக்கும்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நம்ம கடைக் கம்ப்யூட்டரும் ரொம்பச் சிரமப்படுதுங்க. அந்த வைரஸ் பிடிக்கிறத மட்டும் தனியா எடுத்துப் போடுறீங்களாமே. ஒருக்கா வந்து போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

"அதுக்கென்ன மச்சான், ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றேன். போனை மனைவி வாங்கினாள். "அண்ணே, நானும் கூட வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். உரமூட்டைகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கணினியில், நான் ஒவ்வொரு வரியாகப் படித்து, அடியில் வந்த விளக்கத்தையும் வாய்விட்டு வாசித்து, வேண்டாததை எடுத்தேன். மனைவி பக்கத்தில் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் நான் வாசிப்பதை நிறுத்தினால் அவளும் பேச்சை நிறுத்தினாள். பைல் கார்ட் மட்டும் ஏறியது. முழுச் சோதனையும் ஓடியது. மச்சான் அசந்துபோய், "இம்புட்டுப் பொறுமையா ஆரும் பாத்து நான் பாத்ததில்லீங்க" என்றார். மறுத்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாக்கில் தேங்காய் கட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் பேருந்தில் சன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. பயர்வால் என்றால் உண்மையில் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மீதியை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.